வாத்து முட்டையும் சாம்பல் புதனும்

மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடையில் இருந்த கோழியின் வயிற்றுக்கடியில் கையை விட்டார். கோழி அவர் மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்தியது. அவர் கையை எடுக்கவில்லை. ஒரு முட்டையை உருவி, விறகுக் கொட்டகைக் கீற்றின் இடுக்கில் விழுந்த வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சாரா, முட்டை இம்மாம் பெருசா கீது?"

சாரா என்றது என் அண்ணியை. மேஸ்திரி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். நான் நாலடி தள்ளிக் கையில் முறத்தோடு நின்றிருந்தேன்.

"அது பக்கத்து வீட்டு பீபியோட அசீல் கோழி முட்டைண்ணா," என்றாள் அண்ணி. "அவங்க கோழிங்க ஒவ்வொண்ணும் ஆட்டுக்குட்டி மாதிரி நிக்கும். முட்டை மட்டும் சின்னதாவா இருக்கும்?"

மேஸ்திரி தலையாட்டிவிட்டு முட்டையைத் திரும்ப வைத்தார். கோழி அதை அலகால் இழுத்து வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டது.

அது அசீல் கோழி முட்டை இல்லை. எந்தக் கோழியின் முட்டையும் இல்லை. கூடையில் இருந்த அத்தனையும் வாத்து முட்டை. வைத்தவள் நான். அவை பொரிப்பதற்குக் கோழி முட்டையைவிடக் கூடுதலாக ஆகும் ஒரு வாரத்தில், இந்த மனிதருக்கும் எனக்கும் நடக்கவிருந்த கல்யாணம் தள்ளிப் போகும் என்பது என் கணக்கு.

தோல் ஷாப்புத் தெரு

போன வாரம் ஜோலார்பேட்டையில் நிறுத்தியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. என் வீட்டுக்காரர் அங்கே ரயில்வேயில் எஞ்சின் துடைக்கிற வேலை பார்த்தார். ஒரு கோடையில் வாந்திபேதி வந்து ஒரே நாளில் போய்விட்டார். எனக்கு அப்போது இருபது வயது ஆகியிருக்கலாம். பிள்ளை இல்லை. ஆம்பூரில் இருந்த அண்ணன் வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு கோழியோடும் திரும்பி வந்தேன்.

கோழியை ஏன் கொண்டுவந்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். மற்றதெல்லாம் அவர் வீட்டுச் சாமான். கோழி மட்டும்தான் நான் குஞ்சாக வாங்கி வளர்த்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, துக்க வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் மூடிக்கொடுத்தார்.

அண்ணன் ஒரு தோல் ஷாப்பில் பட்டைத் தொட்டியில் வேலை செய்தான். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் தோலைப் புரட்டிப் போடுகிற வேலை. அவன் கை முழங்கை வரைக்கும் செங்காவி நிறமாக இருக்கும். கோயிலுக்குப் போகும்போதும் அந்தக் கையோடுதான் போவான். தெருவில் முக்கால்வாசி ஆம்பிளைகளுக்கு அதே கைதான்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் தெருவுக்குள் வந்தால் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு வேறு ஊருக்குப் போனால்தான் காற்றில் ஏதோ கம்மியாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் கோழிகளுக்கு அந்தத் தெரு சொர்க்கம். சாறு இறங்கிய பட்டையை மலை மலையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். அதைக் கிளறினால் புழுவுக்குக் குறைவில்லை. என் கோழி வந்த இரண்டாவது நாளே ஜோலார்பேட்டையை மறந்துவிட்டது. நான் அவ்வளவு சீக்கிரம் மறக்கவில்லை.

தோல் ஷாப்பில் வேலை என்றால் ஒரே வேலை இல்லை. பட்டைத் தொட்டி ஒரு மாதிரி, சுண்ணாம்புத் தொட்டி வேறு மாதிரி. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவனுக்குக் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். யார் எந்தத் தொட்டிக்கு என்று தீர்மானிப்பவர் மேஸ்திரி. அண்ணன் பட்டைத் தொட்டியிலேயே இருந்ததற்குக் காரணம், மேஸ்திரி அவனுக்கு மச்சான் என்பதுதான். இதை வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும்.

பெண் கேட்டார்கள்

மேஸ்திரியின் மனைவி செல்லம்மா, நான் வந்து சேர்ந்த வருஷத்தின் மழைக்காலத்தில் இறந்துபோனாள். ஜுரம் என்றார்கள். நான் அவளை நாலைந்து தடவைதான் பார்த்திருப்பேன். கோயிலில் எப்போதும் கதவோரம் உட்காருவாள். முக்காட்டை நெற்றிவரைக்கும் இழுத்து விட்டிருப்பாள். மூன்று பிள்ளைகள்.

கிறிஸ்மஸ் முடிந்து சில வாரங்களில் மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வரும்போது பிள்ளைக்கு பிஸ்கட், அண்ணனுக்கு வெற்றிலை, அண்ணிக்கு ஒரு அதட்டல். அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் அண்ணி தன் மகள் ரோஸியை அழைத்து, "போ, பீபி வீட்ல விளையாடு, கூப்பிட்டப்புறம் வா," என்று அனுப்பிவிடுவாள். பெரியவர்கள் பேசும் இடத்தில் பிள்ளை எதற்கு என்றுதான் அனுப்புகிறாள் என்று நான் நினைத்தேன்.

என்னைக் கேட்டது அண்ணி வழியாகத்தான். அதுவும் கேட்டது என்று சொல்ல முடியாது. முடிவு செய்துவிட்டுச் சொன்னார்கள்.

"எங்க அண்ணனுக்கு இன்னா குறை? ஓட்டு வீடு. மேஸ்திரி வேலை. நீயும் எத்தினி நாள் இங்க மாவாட்டிக்கினு இருப்பே?" என்றாள் அண்ணி. தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். தண்ணீர் எடுக்கப் போகும் இடத்தில் சொன்னாள். கோயிலில் சொன்னாள். இந்தக் கல்யாணத்துக்கு அவளைவிடப் பெரிய தரகர் ஆம்பூரில் இல்லை.

அண்ணனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "வேணாம்னு நான் சொல்லிட்டா, திங்கக்கிழமை நான் சுண்ணாம்புல நிப்பேன். உனக்கு வேணாம்னா சொல்லு. நிக்கிறேன்."

இப்படிச் சொன்னால் யார்தான் வேண்டாம் என்று சொல்வார்கள்? எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. அவன் உண்மையைச் சொன்னான் என்பதால் கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

மேஸ்திரி கெட்டவர் என்று சொல்ல அப்போது என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் கைகளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். பயமாக இருக்கிறது என்பதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

ஓலையும் அடையும்

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை படிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், எல்லோர் முன்னாலும் வாசிப்பார். அது ஒரு சட்டம். இன்னொரு சட்டம், லெந்து காலத்தில் கல்யாணம் கிடையாது. சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் தாலி, மேளம், விருந்து எதுவும் கூடாது. அரசாங்கமே வந்து கேட்டாலும் எங்கள் ஐயர் அசையமாட்டார்.

அந்த வருஷம் சாம்பல் புதனுக்கு முன் சரியாக மூன்று ஞாயிறுதான் மிச்சம் இருந்தது. புதனுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை தாலி என்று மேஸ்திரி தீர்மானித்தார். சமைக்க ஆளில்லாத வீடு. ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை.

அதே வாரம் என் கோழி அடைக்கு வந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து, கிட்டே போனால் உறுமியது.

சட்டத்தில் எழுதாத மூன்றாவது வழக்கம் ஒன்று எங்கள் தெருவில் இருந்தது. கோழி அடையில் இருக்கிற வீட்டில் மேளம் வைக்கமாட்டார்கள். இடி இடித்தால் கருமுட்டை கெட்டுப்போகும் என்று கூடைக்குள் ஒரு இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பார்கள் அல்லவா? மேளமும் இடிதான். அதுவும் கல்யாணப் பெண் வைத்த அடை கலைந்தால், அவள் வயிறும் அப்படியே ஆகும் என்று பயப்படுவார்கள். இதெல்லாம் அஞ்ஞானம் என்று உபதேசியார் வருஷத்துக்கு ஒரு பிரசங்கம் செய்வார். அவர் வீட்டுக் கூடையிலும் இரும்புத் துண்டு இருந்தது. நான் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் கூடியிருந்தபோது நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "கோழியை அடைக்கு வைக்கிறேன். குஞ்சு வெளியே வரட்டும். அப்புறம் தாலி. கோழியும் குஞ்சுமா அந்த வீட்டுக்கு எடுத்துக்கினு போறேன். பிள்ளைங்களுக்கு ஆசையா இருக்கும்."

மேஸ்திரிக்குச் சந்தோஷம். "அடை மூணு வாரம், ஓலையும் மூணு வாரம். திங்கக்கிழமை குஞ்சு, செவ்வாக்கிழமை தாலி. சரியாப் போச்சு," என்று தொடையைத் தட்டினார்.

கணியம்பாடியில் பார்த்தது

என் மாமியார் வீடு கணியம்பாடிப் பக்கம். கல்யாணமான புதிதில் அங்கே ஒரு வருஷம் இருந்தேன். அந்த அம்மாள் வாத்து முட்டையைக் கோழிக்கு வைத்துப் பொரிக்க வைப்பார். வாத்துக்கு அடை உட்காரப் பொறுமை கிடையாது. முட்டையைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடும். கோழிக்குத் தன் வயிற்றுக்கடியில் இருப்பது யாருடையது என்ற விசாரணை இல்லை.

அங்கேதான் தெரிந்துகொண்டேன். கோழி முட்டை மூன்று வாரத்தில் பொரியும். வாத்து முட்டைக்கு இன்னொரு வாரம் வேண்டும். ஆம்பூர்த் தெருவில் வாத்து வளர்ப்பவர் யாரும் இல்லை. அதனால் இந்தச் செய்தி அங்கே யாருக்கும் தெரியாது என்று நம்பினேன்.

அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக்காரர்கள் வந்து இறங்கும் பருவம் அது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வருவார்கள். ஏரிக்கரையில் வலையைக் கட்டி, நூற்றுக்கணக்கில் வாத்துகளை அடைத்து வைப்பார்கள். விடிந்ததும் விறகு பொறுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே போனேன்.

ஒரு குவியலிலிருந்து முட்டையை எடுத்த என்னை வாத்துக்காரி ஏற இறங்கப் பார்த்தாள். "சாப்பிடவா, அடைக்கா?"

"அடைக்கு."

"அப்போ அதை வைய்யி. இதை எடுத்துக்கோ," என்று வேறொரு குவியலிலிருந்து பொறுக்கிக் கொடுத்தாள். பதிலுக்கு என் பழைய சீலை ஒன்றை வாங்கிக்கொண்டாள். ஜோலார்பேட்டையில் கட்டிய சீலை அது. கொடுத்தபோது வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருக்கவில்லை.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. வாத்து முட்டை வெளிர் நீலம் கலந்த வெள்ளை. எங்கள் தெருக் கோழிகளின் முட்டை பழுப்பு. கண் இருக்கிற எவருக்கும் வித்தியாசம் தெரியும். வீட்டு மூலையில் அண்ணன் கொண்டுவந்த ஆவாரம்பட்டைச் சாக்கு இருந்தது. ஒரு பிடி அள்ளி, வெந்நீரில் ஊறவைத்து, ஆறவிட்டு, துணியில் நனைத்து முட்டைகளைத் துடைத்தேன். தோலுக்கு ஏறுகிற நிறம் முட்டை ஓட்டுக்கும் ஏறியது. ஏழெட்டு முட்டையும் அசல் கோழி முட்டை ஆயின. பெரிய கோழியின் முட்டை, அவ்வளவுதான்.

தோலின் நிறத்தைப் பார்த்தே அது எத்தனை நாள் ஊறியது என்று சொல்லிவிடுகிற மேஸ்திரி, தன் தொட்டிச் சாயத்தையே கையில் வைத்துக்கொண்டு வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு அளவைப் பற்றி மட்டும் கேட்டார். அதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

அன்றைக்கு அண்ணி அசீல் கோழி என்று சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. இவளாகவே தப்பாக நினைத்துக்கொண்டாளே, கர்த்தர் பெரியவர் என்று எண்ணினேன். ஆனால் பீபி வீட்டில் நான் முட்டை கேட்கவே இல்லையே என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பயத்தில் இருக்கிறவளுக்கு மூளை பாதிதான் வேலை செய்யும்.

திங்கட்கிழமை

முதல் ஓலை படித்தார்கள். இரண்டாவது படித்தார்கள். மூன்றாவது ஓலையின்போது, தடை உண்டா என்று ஐயர் கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சபையில் யாரோ இருமினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் மேஸ்திரி வந்தார். ரோஸி பீபி வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். கூடையில் ஒரு ஓடுகூட விரிசல் விடவில்லை.

"கூமுட்டையா பூட்ச்சி போல. எடுத்துக் கடாசு. நாளைக்கு ஆகவேண்டியதைப் பாக்கலாம்," என்றார் மேஸ்திரி.

"இருண்ணா, பாத்துட்டு கடாசலாம்," என்ற அண்ணி ஒரு சட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். பொரிக்கப்போகிற முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், உள்ளே உயிர் இருந்தால் தானாக ஆடும். செத்ததென்றால் சும்மா கிடக்கும். இது எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற பரீட்சைதான்.

அண்ணி ஒரு முட்டையை விட்டாள். எல்லோரும் குனிந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, யாரோ அடியிலிருந்து விரலால் தட்டியது மாதிரி முட்டை ஒரு பக்கமாகத் துள்ளியது. இன்னொரு தடவை துள்ளியது.

சட்டித் தண்ணீர் மெல்லச் சிவக்க ஆரம்பித்தது. ஆவாரம்பட்டைச் சாயம் வெந்நீரில் இறங்கிக்கொண்டிருந்தது.

"சே, ஒரே அழுக்கு," என்று அண்ணி முட்டையை எடுத்துக்கொண்டு, தண்ணீரை வாழை மரத்தடியில் வீசி ஊற்றினாள். மேஸ்திரி அண்ணாந்து அவளைப் பார்த்தார்.

"உசிரு கீதுண்ணா," என்றாள் அவள். "உசிரு இருக்கிற அடையைக் கலைச்சிட்டு தாலி கட்டுவியா? ஏற்கெனவே ஒரு தடவை உன் வீட்ல ஆயிட்ச்சி. மறுபடியும் வேணாம்."

தெருவில் யாருக்கும் பயப்படாத மனிதர், தங்கச்சியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

செவ்வாயும் போனது. புதன்கிழமை காலையில் ஐயர் என் நெற்றியில் சாம்பலைத் தொட்டு வைத்தபோது, மண்ணுக்குத் திரும்புவாய் என்ற வாசகத்தைக் கேட்டு நான் கிட்டத்தட்டச் சிரித்துவிட்டேன். பயம் விலகின இடத்தில் பசிதான் வந்தது. வீட்டுக்குப் போய்ப் பழையதை இரண்டு தட்டு சாப்பிட்டேன். உபவாச நாள் என்பது சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

நான்காவது வாரம்

என் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டேன். கோழிக்கும் கணக்குத் தெரியும். மூன்று வாரம் முடிந்ததும் அதற்குச் சலிப்புத் தட்டிவிட்டது. அடிக்கடி எழுந்து பட்டைக் குவியலுக்குப் போய்விடும். திரும்பி வருவதற்குள் முட்டை ஆறிப்போகும். கணியம்பாடியில் என் மாமியார் கோழி அப்படிச் செய்யவில்லை. என் கோழி ரயில்வேக் கோழி, நேரம் பார்த்து வேலை செய்யும் போலிருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். யாரோ கோழியைப் பிடித்து உட்கார வைத்து, மேலே ஒரு பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அம்மிக் குழவியை அதன் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு கொட்டாங்கச்சியில் கம்பும் இன்னொன்றில் தண்ணீரும் இருந்தன. அண்ணன்தான் வைத்திருப்பான், என் மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அவனிடம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

அடுத்த திங்கள், செவ்வாயில் ஓடுகள் விரிந்தன. ஒன்றிரண்டு கூமுட்டையாகப் போயின. மற்றவை மஞ்சளாக, ஈரமாக, தட்டை மூக்கோடு வெளியே வந்தன. ரோஸிதான் முதலில் பார்த்தாள்.

"அத்தே, குஞ்சுக்கு மூக்கு நசுங்கிப் போச்சு," என்று அழுதாள்.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் முதலில் வாத்துக்குஞ்சைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பிறகு விரல்விட்டு வாரங்களை எண்ணிப் பார்த்தார்கள். கடைசியில் சிரித்தார்கள். எனக்கு விளக்கம் சொல்லும் வேலையே மிச்சமானது.

மேஸ்திரிக்குத்தான் பேஜார். தோல் ஷாப்பில் அவர் முதுகைத் திருப்பினால் பட்டைத் தொட்டியிலிருந்து ஒரு "குவாக்". அந்தப் பக்கம் திரும்பினால் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஒரு "குவாக்". முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தும் தெரியாத மேஸ்திரி என்று வாணியம்பாடி வரைக்கும் பெயர் போய்விட்டது. எதிர்த்துப் பேசியிருந்தால் அடித்து அடக்கியிருப்பார். சிரிப்பை எப்படி அடிப்பது?

அந்த வாரக் கடைசியில் அவர் வாசலில் நின்றபடியே அண்ணனிடம் சொன்னார். "மாப்ளே, ஈஸ்டர்க்கு அப்புறமும் வேணாம். முட்டையில ஏமாத்தினவ சோத்துல இன்னா பண்ணுவாளோ."

அப்படியாகக் கல்யாணம் நின்றது. திங்கட்கிழமை அண்ணன் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினான். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேதான் நின்றான். ராத்திரியில் காலுக்கு எண்ணெய் தடவும்போது என்னிடம் பேசமாட்டான். நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைப்பேன். வாங்கிக்கொள்வான். அது எனக்குக் கடைசிவரைக்கும் வலித்தது. ஆனாலும் இன்னொரு தடவை வந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

வாய்க்கால்

குஞ்சுகளுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். அண்ணியும் நானும் துணி தோய்க்கத் தோட்டத்துக் கிணற்று வாய்க்காலுக்குப் போனோம். கோழி குஞ்சுகளை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. அண்ணி கல்யாணம் நின்றதிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தெருவில் எல்லோர் எதிரிலும் என்னைத் திட்டித் தீர்த்திருந்தாள். எங்க அண்ணன் மானத்தை வாங்கிட்டா என்று குழாயடியில் அழுதது எனக்குத் தெரியும்.

மாடு கட்டிக் கவலை இறைத்த தண்ணீர் வாய்க்காலில் முழங்கால் அளவு ஓடியது. குஞ்சுகள் அதைப் பார்த்ததும் ஒன்றன் பின் ஒன்றாகத் தொப்பென்று இறங்கிவிட்டன. கோழிக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆனது. கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, இறகை விரித்துக்கொண்டு கத்தியது.

கவலை மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "வாத்துக்கு நீச்சல் தெரியாதுன்னு கத்துது பாரு."

கணியம்பாடியிலும் அப்படித்தான் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் என் மாமியார் சிரிக்கமாட்டார். தாய் வாத்தின் இறகு எண்ணெய் பட்டால்தான் குஞ்சின் மேல் தண்ணீர் ஒட்டாது. கோழி வளர்த்த குஞ்சுக்கு அந்த எண்ணெய் கிடையாது. நீந்தத் தெரியும், ஆனால் கொஞ்ச நேரத்தில் பஞ்சு மாதிரி ஊறி, விறைத்து, முழுகிவிடும். கோழி என்ன நினைத்துக் கத்தியதோ, கத்தியது சரிதான்.

நான் துணியைப் போட்டுவிட்டு எழுவதற்குள் அண்ணி சேலையோடு வாய்க்காலில் இறங்கிவிட்டாள். இரண்டு கையாலும் குஞ்சுகளை வாரி வாரி என் மடியில் போட்டாள். ஏற்கெனவே ஒன்று தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அதைத் தன் முந்தானையில் சுற்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்து துடைத்தாள். கோழி அவள் காலைக் கொத்தியது. அவள் அதைத் தள்ளவில்லை.

"கணியம்பாடில இது சொல்லித்தரலையா உனக்கு?" என்றாள், என்னைப் பார்க்காமல். "நாலு வாரம்னு மட்டும் தெரிஞ்சுக்கினு வந்துட்டே."

மடியில் இருந்த குஞ்சுகளைக் கரையில் இறக்கி விட்டேன்.

"எப்போ தெரியும் அண்ணி உங்களுக்கு?"

"வச்ச அன்னிக்கே. உங்க அண்ணன் சட்டையை தினம் தோய்க்கிறவ நான். முட்டைல அந்த வாடை அடிச்சா எனக்குத் தெரியாதா?"

பஞ்சாரமும் அம்மிக் குழவியும் ஞாபகத்துக்கு வந்தன. வாழை மரத்தடியில் அவள் வீசி ஊற்றிய தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? மேஸ்திரி உங்க கூடப்பொறந்தவராச்சே."

"அதனாலதான்," என்றாள் அண்ணி.

குஞ்சின் கழுத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, துணிக்குச் சோப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"செல்லம்மா ஜுரத்துல பூட்டான்னு ஊருக்குச் சொன்னது நான்தான். குளிப்பாட்டினதும் நான்தான். கழுத்துல இருந்த விரல் தடத்தைப் பாத்தவ நான் ஒருத்திதான்."

மாட்டுக்காரர் மறுபடியும் கவலையை ஓட்டினார். தண்ணீர் வந்து விழுந்தது. முந்தானைக்குள் இருந்த குஞ்சு மூக்கை வெளியே நீட்டியது. அண்ணி அதைக் கீழே விட்டாள். அது தட்டுத்தடுமாறிப் போய்க் கோழியின் இறக்கைக்கடியில் நுழைந்தது.

"எண்ணிப் பாரு எஸ்தரு," என்றாள். "எல்லாம் வந்துட்ச்சான்னு பாரு."

எண்ணினேன். எல்லாம் வந்திருந்தன.